ஃபார்மசி டெக்னீஷியன் படிப்பவர்கள் செய்யும் தவறுகள், முக்கியமாக அந்த 30

எங்கள் மருந்துக்கடைக்கு ஒவ்வொரு செமஸ்டரும் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜிலிருந்து எக்ஸ்டர்ன்ஷிப்புக்கு, அதாவது நேரடி வேலைப் பயிற்சிக்கு, ஃபார்மசிஸ்டின் உதவியாளராகப் போகும் டெக்னீஷியன் மாணவர்கள் வருகிறார்கள். டெக்ஸஸில் நாங்கள் இருக்கும் பக்கம் தமிழர்கள் அதிகம் என்பதால் அவர்களில் ஒருவராவது நம் ஊர்க்காரராக இருப்பார். பெரும்பாலும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு படிக்க வந்த பெண்கள். ஆட்கள்தான் புதிது, தவறுகள் எல்லாம் நான் படித்த காலத்தில் எங்கள் வகுப்பே சேர்ந்து செய்தவை.

லேட்டாக வருவது, கவுண்டரில் நின்று போனை நோண்டுவது, மாத்திரையைத் தப்பாக எண்ணுவது இதையெல்லாம் எழுதப்போவதில்லை. முதல் வாரத்திலேயே யாராவது திட்டிச் சரிசெய்துவிடுவார்கள். யாரும் திட்டாமல் விடுகிற தவறுகளைத்தான் சொல்கிறேன்.

சேரும் முன் ஒரு கேள்வியைக் கேட்காதது

"இந்தப் படிப்பை பிடிசிபி ஏற்றுக்கொள்கிறதா?" அவ்வளவுதான் கேள்வி. டெக்னீஷியன் சான்றிதழ் தரும் அமைப்புதான் பிடிசிபி. 2020 முதல் அது அங்கீகரித்த படிப்பை முடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் அதற்கு ஈடாக 500 மணி நேர வேலை அனுபவம் காட்ட வேண்டும். பள்ளிப் படிப்பு முடித்தாலே நேராகத் தேர்வு எழுதலாம் என்பது பழைய கதை. இன்னமும் அதையே சொல்லிக்கொண்டு வருகிறார்கள்.

இன்னொன்று. ஒரே காலேஜ் இதே படிப்பைக் கிரெடிட்டோடும் (பட்டத்துக்குக் கணக்கில் சேரும்படி) நடத்தும், கன்டினியூயிங் எஜுகேஷன் என்ற பெயரில் கிரெடிட் இல்லாமலும் நடத்தும். இரண்டாவது சீக்கிரம் முடியும், ஆனால் அரசின் கல்வி உதவித்தொகை பெரும்பாலும் கிடைக்காது. பணம் கட்டிய பிறகு இதைத் தெரிந்துகொண்டு என்ன பயன்?

தடுப்பூசி அட்டையைக் கடைசி வாரத்தில் தேடுவது

எக்ஸ்டர்ன்ஷிப்புக்கு அனுப்பும் முன் காலேஜ் கேட்பவை: போதைமருந்துப் பரிசோதனை, கைரேகை, பின்னணிச் சோதனை, தடுப்பூசிச் சான்றுகள். முதல் மூன்றும் சுலபம். நம்மவர்கள் மாட்டிக்கொள்வது நான்காவதில். சின்ன வயதில் ஊர் ஆஸ்பத்திரியில் போட்ட ஊசிக்கு யாரிடம் அட்டை இருக்கிறது? அட்டை இல்லையென்றால் ரத்தத்தில் எதிர்ப்பாற்றல் இருக்கிறதா என்று பார்க்கும் டைட்டர் பரிசோதனை செய்துகொள்ளலாம். ஹெபடைடிஸ் பி ஊசி இனிமேல்தான் போட வேண்டும் என்றால், வழக்கமான 3 டோஸ் முறை முடிய 6 மாதம் ஆகும்.

காசநோய்ச் சோதனையில் இன்னொரு சிக்கல். பிறந்ததும் நமக்கெல்லாம் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டிருப்பார்கள். அதனால் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனையில் காசநோய் இல்லாமலே கை வீங்கலாம். பிறகு எக்ஸ்ரே, டாக்டர் கடிதம் என்று அலைய வேண்டும். பிசிஜி போட்டிருக்கிறது என்று முதலிலேயே சொல்லி ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

டேஸ் சப்ளையில் கண்ணை மூடிக்கொண்டு 30 போடுவது

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

மருந்துச் சீட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது மருந்து, அளவு, எப்படிச் சாப்பிட வேண்டும் என்பதோடு இன்னொரு கட்டமும் இருக்கும்: கொடுக்கும் மருந்து எத்தனை நாளைக்கு வரும்? காலேஜ் லேபில் வரும் பயிற்சிச் சீட்டுகளில் பாதி, தினம் ஒன்று வீதம் 30 மாத்திரை. கை பழகிவிடுகிறது. கடைக்கு வந்ததும் இன்சுலினுக்கு 30, கண் சொட்டுக்கு 30, இன்ஹேலருக்கு 30. ஃபார்மசிஸ்ட் சரிபார்க்கும்போது கண்டுபிடிக்க மாட்டாரா என்று கேட்பீர்கள். மருந்து சரி, பெயர் சரி, அளவு சரி. அவர் கண் அங்கேயெல்லாம் போகும். இந்த எண் நோயாளிக்குப் போகும் லேபிளில் பெரும்பாலும் வருவதுகூட இல்லை.

கண்ணில் அழற்சி வந்த ஒருவர். ஸ்டீராய்டு சொட்டு, ஒரு கண்ணில் மட்டும், விழித்திருக்கும் நேரத்தில் 2 மணி நேரத்துக்கு ஒரு சொட்டு. 5 மில்லி பாட்டில். மில்லிக்கு 20 சொட்டு என்பது கடைக் கணக்கு, ஆக 100 சொட்டு. நாளைக்கு 8 போனால் 12 நாள். மாணவி 30 போட்டிருந்தார். மனிதர் காலிப் பாட்டிலோடு வந்தது ஒரு சனிக்கிழமை சாயங்காலம். டாக்டர் ஆபீஸ் பூட்டியாகிவிட்டது. இன்சூரன்ஸ் 79 என்ற எண்ணைக் காட்டி மறுத்தது: ரீஃபிலுக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஸ்டீராய்டு சொட்டைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. இன்சூரன்ஸ் உதவி எண்ணில் அந்தப் பாட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே காத்திருந்து சரிசெய்தோம். அவ்வளவு நேரமும் அவர் கண்ணைக் கசக்கியபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்த மாணவியோ, "நான் என்ன தப்பு செய்தேன் அக்கா, மருந்து சரிதானே?" என்கிறார்.

இன்சுலினில் இது தலைகீழாகப் போகும். ஒரு பெட்டியில் 5 பேனா, ஒவ்வொன்றிலும் 3 மில்லி. மில்லிக்கு 100 யூனிட் என்றால் மொத்தம் 1500 யூனிட். ராத்திரி 20 யூனிட் போடுகிறவர் ஒவ்வொரு முறையும் ஊசியைச் சோதிக்க 2 யூனிட் வெளியே விட வேண்டும். 1500-ஐ 22-ஆல் வகுத்தால் 68 நாள். இங்கே 30 போட்டால் கம்ப்யூட்டர் மாதாமாதம் ஒரு பெட்டிக்கு பில் போடும். வருஷத்துக்கு 5 அல்லது 6 பெட்டி போதும் என்கிற ஆளுக்கு 12 பெட்டி. அவர் ஃப்ரிட்ஜில் வெண்ணெய் வைக்க இடமிருக்காது.

வெறும் வகுத்தலும் போதாது. குப்பியில் 1000 யூனிட் இருக்கும். தினம் 15 யூனிட் என்றால் கணக்குப்படி 66 நாள். ஆனால் கிளார்ஜின் போன்ற இன்சுலினைத் திறந்த 28 நாளில் தூக்கிப்போட வேண்டும். ஆக விடை 28. 66 என்று போட்டால் நோயாளி இரண்டாவது குப்பி கிடைக்காமல் பழையதையே ஓட்டுவார், சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று டாக்டர் மண்டையை உடைத்துக்கொள்வார். அல்ப்யூட்டரால் இன்ஹேலரில் 200 பஃப். "தேவைப்பட்டால் 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை 2 பஃப்" என்று எழுதியிருந்தால் அதிகபட்சம் நாளைக்கு 12, ஆக 16 நாள். வாரம் ஒரு மாத்திரை வீதம் 4 மாத்திரை என்றால் 28. 30 இல்லை, 4-ம் இல்லை.

இதில் கடைக்குப் பணம் எங்கே போகிறது என்று கேட்டால், ஆடிட்டில். இன்சூரன்ஸ் சார்பில் மருந்து பில்களைக் கையாளும் பிபிஎம் நிறுவனங்கள் மாதங்கள் கழித்து வந்து பழைய கிளெய்ம்களைப் புரட்டும். முதலில் கையை வைப்பது இன்சுலின், கண் சொட்டு, இன்ஹேலர், களிம்பு. டேஸ் சப்ளை தப்பென்றால் கொடுத்த பணத்தைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும். மருந்து போனது போனதுதான். முன்பு நான் வேலை பார்த்த ஒரு சின்னக் கடையில் இப்படி ஒரு ஆடிட் வந்தபோது, முதலாளி பழைய சீட்டுகளை மேசையில் பரப்பிவைத்து ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டார். எப்போதோ அனுப்பிவிட்ட, இனி மாற்றவே முடியாத கிளெய்ம்களில் 30, 30, 30.

எனக்கு எரிச்சல் மாணவர்கள் மேல்கூட இல்லை. 68 நாள் என்று உண்மையைப் போட்டால் சில இன்சூரன்ஸ் திட்டங்கள் 76 என்ற எண்ணோடு மறுக்கும்: ஒரு தடவைக்கு இத்தனை நாள் மருந்துதான். உடனே பக்கத்தில் நிற்கும் சீனியர், "30 போடும்மா, போயிடும்" என்பார். போகும், ஆடிட் வரும்வரை. உடைக்க முடியாத பெட்டிக்கு என்ன செய்வது என்று உதவி எண்ணில் கேட்டு, அவர்கள் சொன்னதைப் பெயர், தேதியோடு குறித்துவைப்பதுதான் வழி. நேரம் பிடிக்கும்தான்.

இது வெறும் இன்சூரன்ஸ் விவகாரம் என்று நினைப்பவர்களுக்கு மெத்தோட்ரெக்ஸேட் உதாரணம். மூட்டுவாதத்துக்கு 2.5 மில்லிகிராம் மாத்திரை, வாரம் ஒரு நாள் மட்டும் 4, மொத்தம் 16. கணக்கு: 28 நாள். யாராவது 'வாரம்' என்பதைத் 'தினம்' என்று ஏற்றிவிட்டால் அதே கணக்கு 4 நாள் என்று வரும். மூட்டுவாத மருந்து 4 நாளைக்கா? கணக்குப் போட்டவர் அங்கேயே நின்று ஃபார்மசிஸ்டைக் கூப்பிடுவார். 30 என்று தட்டியவர் அடுத்த சீட்டுக்குப் போயிருப்பார். வாரம் ஒரு முறை சாப்பிட வேண்டிய இந்த மருந்தைத் தினமும் சாப்பிட்டு இறந்தவர்கள் உண்டு.

என்னிடம் வருபவர்களைச் சீட்டிலேயே கணக்கை எழுத வைக்கிறேன்: 1500/22 = 68. ஃபார்மசிஸ்டும் பார்ப்பார், நாளைக்கு ஆடிட்டரும் பார்ப்பார்.

எண்ணும் தட்டைத் துடைக்காதது

பென்சிலின் எண்ணிய தட்டில் அடுத்து எண்ணுவது பென்சிலின் ஒவ்வாமை உள்ளவரின் மாத்திரையாக இருக்கலாம். துடையுங்கள்.

பெயரைப் படித்து வாலை விடுவது

அதிகம் விற்கும் 200 மருந்துகளை அட்டை போட்டு மனப்பாடம் செய்கிறார்கள், நல்லது. ஆனால் மெட்டோப்ரோலால் என்று நிறுத்தினால் பாதிதான். டார்ட்ரேட் வழக்கமாக நாளைக்கு இரு முறை, சக்சினேட் ஒரு முறை. புப்ரோபியானில் எஸ்ஆர் வேறு, எக்ஸ்எல் வேறு, மருந்தை வெளியே விடும் வேகம் மாறும். ஹைட்ராக்சிசின் அரிப்புக்கு, ஹைட்ரலசின் ரத்த அழுத்தத்துக்கு. அலமாரியில் இரண்டும் அடுத்தடுத்து நிற்கும். ஊரில் படித்தவர்கள் பாராசிட்டமாலை அசிட்டமினோஃபென் என்றும் சால்ப்யூட்டமாலை அல்ப்யூட்டரால் என்றும் மாற்றிப் பழகிக்கொள்ள வேண்டும்.

ஊரில் பி.ஃபார்ம் முடித்துவிட்டு இங்கே ஆலோசனை சொல்வது

2003-லோ அதற்குப் பிறகோ வெளிநாட்டில் பட்டம் வாங்கியவர் இங்கே ஃபார்மசிஸ்ட் தேர்வு எழுத 5 ஆண்டுப் படிப்பு வேண்டும். நம் பி.ஃபார்ம் 4 ஆண்டு. அதனால்தான் விஷயம் தெரிந்த பலர் டெக்னீஷியன் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். வருத்தம் புரிகிறது. ஆனால் "இதை அந்த மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடலாமா?" என்று யாராவது கேட்டால், பதில் நுனிநாக்கில் இருந்தாலும் ஃபார்மசிஸ்டைக் கூப்பிடுங்கள். தமிழில் கேட்டாலும் அப்படித்தான். கோவில் வாசலில் கேட்டாலும் அப்படித்தான்.

தேர்வைத் தள்ளிப்போடுவது

பிடிசிபி தேர்வு: 90 கேள்வி, 110 நிமிடம், 129 டாலர். 1000 முதல் 1600 வரையிலான அளவில் 1400 எடுத்தால் பாஸ். டெக்ஸஸில் டிரெய்னி (பயிற்சி பெறும் டெக்னீஷியன்) பதிவு 2 ஆண்டுதான், புதுப்பிக்க முடியாது. படிப்பு முடிந்த மாதமே தேதி வாங்குங்கள்.