கேமிங் பிசி பார்ட்ஸ் வாங்கப் போறீங்களா? மொதல்ல மானிட்டர முடிவு பண்ணுங்க

முதல் தடவ பிசி அசெம்பிள் பண்றவங்க என்கிட்ட கேக்குற மொத கேள்வி, எந்த பிராசசர் நல்லாருக்கும்ங்கிறதுதான். நான் எந்த மானிட்டர்ல ஆடப்போறீங்கன்னு திருப்பிக் கேப்பேன். ஏன்னா கிராபிக்ஸ் கார்டு எவ்ளோ உழைக்கணும்ங்கிறத திரைதான் முடிவு பண்ணுது, கார்டு முடிவானாதான் மத்த பார்ட்ஸ் எல்லாம் வரிசையா முடிவாகும். இதத் தலைகீழா செஞ்சு பிராசசர்ல காசக் கொட்டிட்டு கடைசில கார்டுக்குப் பணம் பத்தாம நிக்கிறவங்கள நிறைய பாத்துட்டேன், அதனாலதான் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்.

1. மானிட்டர்

1080பி திரையில சுமார் 20 லட்சம் பிக்சல் (படத்த உண்டாக்குற சின்னச் சின்னப் புள்ளி) இருக்கு, 1440பில கிட்டத்தட்ட 37 லட்சம். அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கார்டு முக்கால் பங்குக்கு மேல கூடுதலா வேலை செய்யணும். வேலரன்ட், சிஎஸ்2 மாதிரி ஷூட்டிங் கேம்தான் உங்க உயிருன்னா 1080பி, 144 ஹெர்ட்ஸோ (திரை ஒரு நொடிக்கு எத்தன தடவ படத்த மாத்துதுங்கிற கணக்கு) அதுக்கு மேலயோ போதும். கதையோட ஓடுற பெரிய கேம் எல்லாம் ரசிச்சு ஆடணும்னா 27 இன்ச் 1440பி, ஐபிஎஸ் பேனலாப் (நிறம் நல்லாத் தெரியுற திரை வகை) பாத்து வாங்குங்க. 4கே எல்லாம் நடுத்தர பட்ஜெட்டுல வேணாம், கார்டு திணறும்.

2. கிராபிக்ஸ் கார்டு

மானிட்டர விட்டுட்டு மிச்ச பட்ஜெட்டுல 35ல இருந்து 40 சதவீதம் வரைக்கும் இதுக்கே ஒதுக்குங்க. 2025ல வந்த ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி ரெண்டுமே நடுத்தர பட்ஜெட்டுக்குப் பொருத்தமான கார்டுங்க. ஆனா இதுல ஒரு பொறி இருக்கு, ரெண்டுமே 8 ஜிபி, 16 ஜிபின்னு ரெண்டு விதமா வருது, பேரு மட்டும் ஒண்ணுதான். கொட்டேஷன்ல "5060 டிஐ"ன்னு மட்டும் எழுதி விலை கம்மியா இருந்தா அது அனேகமா 8 ஜிபியாத்தான் இருக்கும். கார்டோட மெமரி நிறைஞ்சுடுச்சுன்னா கேம் விட்டுவிட்டு இழுக்கும், டெக்ஸ்சர் (கேம்ல சுவர், தரை மேலயெல்லாம் ஒட்டியிருக்கிற படம்) மங்கலாத் தெரியும், சில கேம்ல டெக்ஸ்சர் செட்டிங்க கொறைச்சே ஆகணும். இந்த மெமரிய பின்னாடி ஏத்தவும் முடியாது. 1440பில ஆடப்போறீங்கன்னா 16 ஜிபிய விட்டுக்குடுக்காதீங்க. 1080பில ஷூட்டிங் கேம் மட்டும்னா 8 ஜிபி ஓடும்.

3. பிராசசரும் மதர்போர்டும்

இத ரொம்ப யோசிக்க வேண்டியதில்ல. ரைசன் 5 7600, 6 கோர் 12 த்ரெட், 65 வாட்ஸ். பெட்டியோட வர்ற மாடல்ல கூலரும் உள்ளயே இருக்கும், தனியா வாங்க வேணாம் (டிரேல வர்ற பிராசசர்னா கூலர் இருக்காது, கேட்டுக்குங்க). இதுக்கு பி650 போர்டு. நான் ஏஎம்5 சாக்கெட்ட (இந்த போர்டுல பிராசசர் உக்கார்ற எடம்) சொல்றதுக்குக் காரணம், 2027க்கு மேலயும் இதுக்கு சப்போர்ட் தருவோம்னு ரைசன் கம்பெனியான ஏஎம்டி சொல்லியிருக்கு, பழைய ஏஎம்4க்கும் பல வருஷம் புதுப்புது பிராசசர் விட்டாங்க. நாலு வருஷம் கழிச்சு போர்டையும் ராமையும் அப்படியே வச்சுக்கிட்டு பிராசசர் மட்டும் மாத்திக்கலாம். ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க, ஏஎம்5ல பின் எல்லாம் போர்டுல இருக்கும், சாக்கெட்டுக்குள்ள விரலே படக்கூடாது, ஒரு பின் வளைஞ்சாலும் வாரண்டி கிடைக்கிறது கஷ்டம்.

4. ராம், எஸ்எஸ்டி

டிடிஆர்5, 6000 ஸ்பீடு, எக்ஸ்போன்னு (ராம அதோட முழு வேகத்துல ஓட வைக்கிற செட்டிங்) போட்டிருக்கிற 16 ஜிபி குச்சி ரெண்டு. 2025 கடைசில இருந்து ராம் விலை எகிறிடுச்சு, ஏஐ டேட்டா சென்டருக்குன்னு சிப் எல்லாம் அங்க போகுது. பட்ஜெட் ஒதைச்சா இப்போதைக்கு 8 ஜிபி ரெண்டு போட்டு 16ஆ ஆரம்பிங்க, ஆனா ஒரே குச்சியாப் போடாதீங்க, ரெண்டு சேனலும் ஓடுனாதான் வேகம் வரும். எஸ்எஸ்டி (கேம் எல்லாம் சேமிக்கிற எடம்) 1 டிபி, என்விஎம்இ, ஜென் 4ங்கிற வேகமான வகை. பெரிய கேம் பல 100 ஜிபியத் தாண்டிடுச்சு, 500 ஜிபி வாங்குனா ஒரே மாசத்துல எத அழிக்கலாம்னு யோசிச்சுக்கிட்டு உக்காந்திருப்பீங்க.

5. எஸ்எம்பிஎஸ் (எல்லா பார்ட்டுக்கும் கரண்ட் குடுக்குற பவர் சப்ளை)

இத தயவுசெஞ்சு நிதானமாப் படிங்க. என் சித்தி பையன் காலேஜ் சேரும்போது ஆசையா ஒரு பிசி போட்டான். எல்லாம் நல்ல பார்ட்ஸ், எஸ்எம்பிஎஸ் மட்டும் கேபினெட்டோட இலவசமா வந்தது. ஏழாவது மாசம் ஒரு நாள் ராத்திரி கரண்ட் போய்ப் போய் வந்துச்சு, எஸ்எம்பிஎஸ் செத்துச்சு, போகும்போது மதர்போர்டையும் கூட்டிக்கிட்டுப் போயிருச்சு. போர்டு மாத்த காசு சேர்க்க அவனுக்கு ஆறு மாசம் ஆச்சு, அந்த மூஞ்ச என்னால மறக்கவே முடியல.

கணக்கு சுலபம்தான். 5060 டிஐ 180 வாட்ஸ், பிராசசர் 65னு போட்டிருந்தாலும் முழு வேகத்துல 90 கிட்ட, மத்ததெல்லாம் சேர்த்து 350க்குள்ள அடங்கிடும். நல்ல கம்பெனி 650 வாட்ஸ், 80 பிளஸ் பிரான்ஸோ (கரண்ட அதிகம் வீணாக்காதுங்கிறதுக்கான தர முத்திரை) அதுக்கு மேலயோ, அஞ்சு வருஷ வாரண்டியோட வாங்குங்க. வாட்ஸ் நம்பர மட்டும் பாத்து ஏமாறாதீங்க, மாடல் பேரத் தேடி ரிவ்யூ படிச்சுட்டு வாங்குங்க. வீட்டு பிளக்குல எர்த் ஒழுங்கா இருக்கான்னு எலக்ட்ரீஷியன வச்சு பாத்துடுங்க. யூபிஎஸ் போடுறதா இருந்தா விஏவ பாக்காம வாட்ஸப் பாருங்க, 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்ஸ்தான் தாங்கும்.

6. கேபினெட்

முன்பக்கம் கண்ணாடியா இருக்கிறத விட்டுட்டு சல்லடை மாதிரி மெஷ் இருக்கிறத எடுங்க. நம்ம ஊர் மே மாச வெயிலுக்கு காத்து உள்ள போகணும், அழகு அப்புறம். கார்டோட நீளம் உள்ள அடங்குமான்னு மில்லிமீட்டர் கணக்குல பாத்துக்குங்க.

கடையில

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனா ஒரே கடையோட முடிச்சுடாதீங்க, மூணு கடையில எழுதி வாங்குங்க. ஒவ்வொரு பார்ட்டோட முழு மாடல் பேரும் அதுல இருக்கணும், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்த விலையா இல்ல தனியான்னு கேளுங்க. பில்லுல சீரியல் நம்பர் போடச் சொல்லுங்க, வாரண்டிக்கு அதுதான் ஆதாரம். பெட்டியெல்லாம் தூக்கிப் போடாம பரண்ல ஏத்திடுங்க.

மாட்டினதுக்கு அப்புறம்

போர்டுல நாலு ஸ்லாட் இருந்தா ராம் குச்சி ரெண்டையும் பிராசசர்ல இருந்து எண்ணி ரெண்டாவது, நாலாவது ஸ்லாட்டுல போடுங்க. மொத தடவ ஆன் பண்ணும்போது ஃபேன் சுத்தும், திரை சில நிமிஷம் கறுப்பாவே இருக்கும், போர்டு ராம பழகிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், பதறி ஆஃப் பண்ணிடாதீங்க. பயோஸ்ல (போர்டோட சொந்த செட்டிங் திரை) போய் எக்ஸ்போவ ஆன் பண்ணுங்க, இல்லன்னா 6000க்கு காசு குடுத்த ராம் பெரும்பாலும் 4800லயே ஓடிக்கிட்டிருக்கும். மானிட்டர் கேபிள மதர்போர்டுல சொருகாதீங்க, கீழ கார்டுல இருக்கிற போர்ட்ல சொருகுங்க, 7600ல சின்னதா ஒரு கிராபிக்ஸ் உள்ளயே இருக்கிறதால போர்டுல சொருகினாலும் படம் வரும், கேம் மட்டும் நகராது, கார்டு பழுதுன்னு நெனச்சு அலைவீங்க.

கடைசியா விண்டோஸ்ல செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே, அட்வான்ஸ்டு டிஸ்பிளே வரைக்கும் போய்ப் பாருங்க. அங்க 60 ஹெர்ட்ஸ்னு இருந்தா 144க்கு மாத்திட்டு மவுஸ ஒரு தடவ நகத்திப் பாருங்க, வித்தியாசம் அப்பவே தெரியும்.