பழைய கணினியில் தானாக எழுந்து ஓடும் புரோகிராம்களை அடக்குவது எப்படி

எதையும் நிறுத்துவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். கணினியை ஆன் செய்து, டெஸ்க்டாப் வந்த நொடியிலிருந்து ஹார்ட் டிஸ்க் விளக்கு ஓயாமல் மினுக்குவது அடங்கும் வரை எத்தனை நிமிடம் ஆகிறது என்று செல்போனில் பார்த்துக் குறித்து வையுங்கள். அப்பாவின் லேப்டாப்பில் (4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க்) ஆறு நிமிடம் ஆனது. வயசாகிவிட்டது, எடைக்குப் போட்டுவிடலாம் என்றே அவர் முடிவு செய்திருந்தார், ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் லாகின் ஆனதுமே பதினான்கு புரோகிராம்கள் ஒரே நேரத்தில் கிளம்பிக்கொண்டிருந்தன.

பழைய கணினிக்கு இது ஏன் இவ்வளவு கஷ்டம் என்றால், ஹார்ட் டிஸ்க்கில் தகடு சுற்றுகிறது, பல லேப்டாப்களில் நிமிடத்துக்கு 5400 சுற்று. அதன் மேல் ஊசிபோல ஒரு கை அங்கும் இங்கும் நகர்ந்து படிக்கிறது. ஒரு புரோகிராம் கேட்டால் சரி. பதினான்கும் சேர்ந்து வெவ்வேறு மூலையில் இருக்கும் கோப்புகளைக் கேட்டால், படிக்கும் நேரத்தைவிட அந்தக் கை அலையும் நேரமே அதிகமாகிவிடும். எஸ்எஸ்டியில் (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும், சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) இப்படி நகரும் பாகம் எதுவும் இல்லை, அதனால் அங்கே இதன் பாதிப்பு குறைவு.

விண்டோஸ் 10 என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். சின்ன ஜன்னலாக வந்தால் கீழே 'மோர் டீடெய்ல்ஸ்' என்பதைத் தட்டி, மேலே 'ஸ்டார்ட்அப்' பகுதிக்குப் போங்கள். ஒரு பெயர் மேல் ரைட் கிளிக் செய்து 'டிஸேபிள்' கொடுத்தால் அது தானாகக் கிளம்புவது நின்றுவிடும். புரோகிராம் அழியாது, வேண்டும்போது நீங்களே திறந்துகொள்ளலாம், மனசு மாறினால் அதே இடத்தில் 'எனேபிள்' கொடுத்துவிடலாம்.

அங்கே 'ஸ்டார்ட்அப் இம்பாக்ட்' என்ற பத்தியில் 'ஹை' என்று பார்த்ததும் பயந்துவிட வேண்டாம். தொடங்கும்போது பிராசஸரில் 1 நொடிக்கு மேலோ, டிஸ்க்கில் 3 எம்பிக்கு மேலோ எடுத்தாலே அந்த முத்திரை விழுந்துவிடும். அதைவிட, இது தினமும் எனக்கு வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கள். பாட்டு கேட்கும் ஆப், வீடியோ கால் ஆப், எப்போதோ வாங்கிய பிரிண்டரின் உதவியாளர், பிடிஎஃப் மென்பொருளின் அப்டேட்டர், இவற்றையெல்லாம் தயங்காமல் நிறுத்தலாம். ஆன்டிவைரஸைத் தொடாதீர்கள். டச்பேட், ஆடியோ சம்பந்தப்பட்டவற்றையும் விட்டுவிடுங்கள். நான் அவசரத்தில் டச்பேடுக்கு உரியதை நிறுத்திவிட, இரண்டு விரலால் பக்கத்தை நகர்த்துவது வேலை செய்யாமல் அப்பா ஒரு நாள் முழுக்கச் சிரமப்பட்டார். என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை மாதிரி தமிழ் தட்டச்சுக் கருவி வைத்திருந்தால் அதுவும் இந்தப் பட்டியலில் இருக்கலாம், அதை நிறுத்திவிட்டு தமிழ் ஏன் வரவில்லை என்று தேடாதீர்கள்.

பெயரைப் பார்த்து எதுவும் புரியவில்லையா? பத்திகளின் தலைப்பில் ரைட் கிளிக் செய்து 'கமாண்ட் லைன்' என்பதைச் சேர்த்தால், அந்தப் புரோகிராம் எந்த ஃபோல்டரிலிருந்து கிளம்புகிறது என்று தெரியும். பெரும்பாலும் அதிலேயே யாருடையது என்பது புலப்பட்டுவிடும்.

இன்னும் விண்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் ஸ்டார்ட் மெனுவில் எம்எஸ்கான்ஃபிக் என்று (ஆங்கிலத்தில்தான்) தட்டி, ஸ்டார்ட்அப் பகுதியில் டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். அதே ஜன்னலில் 'பூட்' (விண்டோஸ் எப்படித் தொடங்க வேண்டும் என்பது), 'சர்வீசஸ்' (பின்னணியில் ஓடும் சேவைகள்) பகுதிகளும் இருக்கும். பூட் பக்கம் போகவே வேண்டாம். சர்வீசஸில் கை வைத்தே ஆக வேண்டும் என்றால், முதலில் 'ஹைட் ஆல் மைக்ரோசாஃப்ட் சர்வீசஸ்' என்பதை டிக் செய்துவிடுங்கள், இல்லையென்றால் விண்டோஸுக்கே தேவையான சேவை நின்றுபோகும்.

அப்புறம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் நிறுத்தாதீர்கள். இரண்டு மூன்றை நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து, ஒரு நாள் வழக்கம்போல வேலை பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஏதாவது கெட்டுப்போனால் எதனால் என்று உடனே கண்டுபிடிக்க அதுதான் வழி. சில புரோகிராம்கள் அடுத்த அப்டேட்டில் மறுபடி தலைதூக்கும். அவற்றைத் திறந்து அவற்றின் செட்டிங்ஸிலேயே தானாகத் தொடங்கும் வசதியை அணைத்துவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் எங்கிருந்தோ ஒன்று கிளம்புகிறது என்றால் மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் 'ஆட்டோரன்ஸ்' என்ற இலவசக் கருவி இருக்கிறது. டாஸ்க் மேனேஜர் காட்டாத இடங்களையும் அது காட்டும். ஆப்ஷன்ஸ் மெனுவில் மைக்ரோசாஃப்ட் பதிவுகளை மறைத்துவிட்டுப் பாருங்கள். இங்கேயும் டிக்கை மட்டும் எடுங்கள், டெலீட் கொடுக்காதீர்கள். மஞ்சளில் தெரிபவை கோப்பு இல்லாமல் பெயர் மட்டும் மிஞ்சியிருப்பவை.

அப்பாவின் லேப்டாப்பில் இப்போது ஐந்துதான் ஓடுகின்றன. ஆறு நிமிடம் இரண்டேகாலாகக் குறைந்திருக்கிறது. அதற்குக் கீழே இறக்க வேண்டும் என்றால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட வேண்டியதுதான், அடுத்த மாதம் அதைச் செய்யப்போகிறேன்.