ஹைட்ரஜன் கேட்டலிஸ்ட் டெஸ்ட் பண்றவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்ணியைப் பிரிச்சு ஹைட்ரஜன் எடுக்குற வினையை வேகப்படுத்துற பொருள்தான் இந்த கேட்டலிஸ்ட். அதை டெஸ்ட் பண்றப்போ செல் (சோதனைப் பாத்திரம்) சரியா கழுவல, க்ளிப் லூசா இருந்துச்சு, இதெல்லாம் சீக்கிரம் தானா பழகிடும், அதை விட்டுடறேன். லேப்புக்குப் புதுசா வர்ற ஒவ்வொரு பேட்சும் விழற குழி வேற.

பிளாட்டினம் கவுண்டர் எலக்ட்ரோடு

இன்னிக்கும் எனக்குக் கோவம் வர்ற விஷயம் இதுதான். பிளாட்டினத்துக்கு பதிலா சீப்பான கேட்டலிஸ்ட் கண்டுபிடிக்கிறோம்னு மாலிப்டினம் சல்ஃபைடு பூசி, சல்ஃப்யூரிக் ஆசிட்ல இறக்கிட்டு, கவுண்டரா, அதாவது சர்க்யூட்டை முடிக்கிற எதிர்ப்பக்க எலக்ட்ரோடா, பிளாட்டினம் கம்பியையே மாட்டுவாங்க. நம்ம பக்கம் ஹைட்ரஜன் வரும்போது அந்தக் கம்பில ஆக்ஸிஜன் வரும், அந்த பொட்டென்ஷியல்ல பிளாட்டினம் துளித்துளியா கரையும், கரைஞ்சது நேரா நம்ம சாம்பிள் மேல வந்து படியும், கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது.

எங்க லேப்ல ஒரு தம்பி, வோல்ட்டேஜை ஏத்தி இறக்கி திரும்பத் திரும்ப ஓட்டிட்டு, "சைக்கிள் ஓட்ட ஓட்ட ஆக்டிவேட் ஆகுதுண்ணே"ன்னு சந்தோஷமா கிராஃப் கொண்டு வந்தான். டாஃபெல் ஸ்லோப் (கரண்ட் பத்து மடங்காக எவ்வளவு கூடுதல் வோல்ட்டேஜ் வேணும்ங்கிற அளவு, குறைஞ்சா நல்லது) 100க்கு மேல ஆரம்பிச்சு 30 மில்லிவோல்ட் பக்கம் வந்து நிக்குது, அது பிளாட்டினத்தோட நம்பர்டா தம்பி! எக்ஸ்பிஎஸ் (மேல்பரப்புல என்ன தனிமம் இருக்குன்னு காட்டுற எக்ஸ்ரே டெஸ்ட்) எடுத்தா 71 எலக்ட்ரான் வோல்ட்ல பளிச்சுனு பிளாட்டினம் பீக். மாசக்கணக்கா எடுத்த டேட்டா அவ்வளவும் குப்பைக்குப் போச்சு, பையன் முகத்தைப் பாக்கவே முடியல.

கிராஃபைட் ராடு போடுங்க. அதுலயும் கார்பன் உதிரும், அதனால நடுவுல மெம்பிரேனோ கண்ணாடி ஃப்ரிட்டோ (நுண்துளை உள்ள கண்ணாடித் தட்டு) வைங்க. ஓட்டி முடிச்ச எலக்ட்ரோடை எக்ஸ்பிஎஸ்ல ஒரு தடவை பாத்துட்டு அப்புறம் பேப்பர் எழுதுங்க. ஓட ஓட ஒரு கேட்டலிஸ்ட் நல்லாகிட்டே போச்சுன்னா முதல்ல சந்தேகப்படுங்க.

பொட்டாசியம் ஹைட்ராக்சைடுல இரும்பு

கார எலக்ட்ரோலைட்டா ஊத்துற இது பாட்டில்ல வர்ற சரக்குலயே துளியூண்டு இரும்பு இருக்கும், அது நிக்கல் ஹைட்ராக்சைடுக்குள்ள புகுந்து ஆக்ஸிஜன் வர்ற வேகத்தை எகிற வச்சிடும். சுத்தம் பண்ணாம நிக்கலைப் புகழாதீங்க.

லாம்ப்

இது வெளிச்சத்தை வச்சு தண்ணியைப் பிரிக்கிறவங்களுக்கு. 1972ல ஃபுஜிஷிமா, ஹோண்டாங்கிற ஜப்பான் விஞ்ஞானிகள் வெளிச்சம் பட்ட டைட்டானியம் டையாக்சைடுல தண்ணியைப் பிரிச்சுக் காட்டுனாங்க, ஆனா அதுல அனடேஸ் வகையோட பேண்ட் கேப் (எலக்ட்ரானைக் கிளப்ப ஒளிக்கு வேண்டிய குறைஞ்சபட்ச எனர்ஜி) 3.2 எலக்ட்ரான் வோல்ட், அது பிடிக்கிறது யூவி மட்டும்தான், வெயில்ல யூவி சுமார் 5 சதவீதம். ஃபில்டர் இல்லாத செனான் லாம்புல யூவி அள்ளிக் கொட்டும், அதுல வந்த கரண்டை சோலார்னு எழுதக்கூடாது. லாம்ப் வெளிச்சத்தை வெயில் மாதிரி ஆக்குற ஏஎம் 1.5 ஃபில்டர் போட்டு, ரெஃபரன்ஸ் சிலிக்கான் செல் வச்சு சதுர சென்டிமீட்டருக்கு 100 மில்லிவாட்னு செட் பண்ணுங்க.

பிஎச்

கரைசலோட பிஎச்சை யூகிக்காம அளந்து எழுதுங்க.

மெத்தனால்

தண்ணிக்கு பதிலா தானே ஆக்ஸிடைஸ் ஆகிடும் இது. அதை ஊத்தி எடுத்த ஹைட்ரஜனை வாட்டர் ஸ்ப்ளிட்டிங் (தண்ணியைப் பிரிக்கிறது)னு சொல்லாதீங்க, ஆக்ஸிஜன் எங்க?