சோயா கொழுப்பைக் கரைக்குமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

சோயா கொழுப்பைக் கரைக்கும் என்ற பேச்சு வெறும் புரளி இல்லை. எலியின் கொழுப்புத் திசுவிலிருந்து பிரித்தெடுத்த செல்களில், சோயாவிலுள்ள ஜெனிஸ்டீன் என்ற ஐசோஃப்ளேவோனைச் (செடிகளில் இயற்கையாக உள்ள ஒரு வகை வேதிப்பொருள்) சேர்த்தால் தேங்கிய கொழுப்பு கூடுதலாக உடைகிறது. ‘உடைக்காதே’ என்று இன்சுலின் போடும் தடையும் தளர்கிறது. அந்த முடிவைத் தூக்கிக்கொண்டு நேராகச் சமையலறைக்கு வருவதில்தான் கோளாறு.

முதல் தவறு, கொழுப்பு உடைவதையும் உடம்பு இளைப்பதையும் ஒன்றாக எண்ணுவது. கொழுப்பு செல்லுக்குள் இருப்பது ட்ரைகிளிசரைடு. அது உடையும்போது ஒரு கிளிசராலும் மூன்று கொழுப்பு அமிலங்களும் வெளிவந்து ரத்தத்தில் கலக்கின்றன. தசையோ இதயமோ அவற்றை எரித்தால்தான் கொழுப்பு குறையும். எரிக்காவிட்டால் கல்லீரலும் கொழுப்பு செல்களும் மறுபடி ட்ரைகிளிசரைடாகக் கட்டி வைத்துக்கொள்ளும். இன்னொன்றும் உண்டு: இன்சுலின் சரியாக வேலை செய்யாத சர்க்கரை நோயாளிகளுக்குக் கொழுப்பு ஏற்கெனவே அளவுக்கு மீறி உடைந்துகொண்டிருக்கும், அந்த அமிலங்கள் கல்லீரலில் படிந்து நிலைமையை மோசமாக்கும். உடைவது கூடினாலே நல்லது என்று நம்புவது அவர்களுக்கு ஆபத்து.

அடுத்தது அளவு. செல் சோதனைகளில் லிட்டருக்குப் பல பத்து முதல் சில நூறு மைக்ரோமோல் (மிகச் சிறிய அளவைக் குறிக்கும் அலகு) வரை ஜெனிஸ்டீன் சேர்ப்பார்கள். சோயா சாப்பிட்டவர் ரத்தத்தில் சேர்வது வழக்கமாக லிட்டருக்கு ஒரு சில மைக்ரோமோல்தான். அதிலும் பெரும்பகுதியைக் குடலும் கல்லீரலும் வீரியம் குறைந்த வடிவத்துக்கு மாற்றிவிடும். டைட்சீன் என்ற மற்றொரு ஐசோஃப்ளேவோனைக் குடல் பாக்டீரியாக்கள் ஈக்வால் என்ற வீரியம் கூடிய பொருளாக மாற்றும். ஆனால் அந்தப் பாக்டீரியா எல்லார் குடலிலும் இருப்பதில்லை. ஆகவே பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைத்த பலன் உங்களுக்கும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

‘சோயா’ என்று பெயர் இருந்தாலே போதும் என்பதும் தவறு. சுத்திகரித்த சோயா எண்ணெயில் ஐசோஃப்ளேவோன் இருப்பதே அரிது. அது முழுக்க முழுக்கக் கொழுப்பு, கிராமுக்கு 9 கலோரி. புரதப் பவுடர் தயாரிக்கையில் ஆல்கஹாலால் கழுவினால் ஐசோஃப்ளேவோனில் பெரும்பங்கு போய்விடும். மீல் மேக்கர் நல்ல பொருள்: எண்ணெய் நீக்கிய சோயா மாவில் செய்வது, காய்ந்த எடையில் பாதியளவு புரதம், பசியும் தாங்கும். எடை குறைப்பில் சோயா உண்மையில் கைகொடுப்பது இந்த வழியில்தான் என்பது என் கருத்து. ஆனால் வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்த அந்த உருண்டை பஞ்சு மாதிரி. எண்ணெயில் பொரித்தால் அத்தனையும் உறிஞ்சும். மசாலாவில் வேகவிடுங்கள், பொரிக்காதீர்கள்.

தொப்பை குறையுமென்று ஐசோஃப்ளேவோன் மாத்திரை வாங்க வேண்டாம். ஜப்பானின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2006இல், வழக்கமான உணவுக்கு மேல் இப்படிக் கூடுதலாக எடுப்பது நாளுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று வரம்பு வைத்தது.

தைராய்டுக்கு லீவோதைராக்சின் எடுப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சோயா அந்த மருந்து குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை, சில மணி நேர இடைவெளி விட்டு சோயா என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் சோயா சேர்க்கத் தொடங்கினால் மருத்துவரிடம் சொல்லி, டிஎஸ்ஹெச் (தைராய்டு நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) மறுபடி செய்துபாருங்கள்.