பருப்புத் தண்ணீரை நம்பிய நான்கு மாதங்கள்

இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சை முடிந்த நான்காம் மாதத்தில், எடை 22 கிலோ குறைந்திருந்தும், அல்சூரில் எங்கள் இரண்டாம் மாடி வீட்டுக்கு ஏறுவதற்குள் தொடைகள் நடுங்கின. தரையில் அமர்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியவில்லை. இரும்புச் சத்தையும் பி12-ஐயும் பரிசோதித்ததில் இரண்டும் சரியாகவே இருந்தன. நடையைக் கூட்டினேன், சோர்வுதான் கூடியது.

பத்து நாள்கள் இப்படி வீணான பிறகு, உணவியல் நிபுணர் சொன்னபடி, உண்பதையெல்லாம் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதினேன். நாளுக்கு 60 கிராமாவது வேண்டிய புரதம் 30-ஐக்கூட எட்டவில்லை. புரதம் என்று நம்பிக் குடித்த பருப்புத் தண்ணீர் பெரும்பாலும் தண்ணீரே. பருப்பு பாத்திரத்தின் அடியிலேயே தங்கிவிட்டது. புரத மாவிலும் அதே கதைதான்: 30 கிராம் மாவு பிடிக்கும் கரண்டியில், டப்பாவின் பின்புறம் பொடி எழுத்தில் இருந்தபடி, புரதம் 15 கிராம் மட்டுமே.

இப்போது முட்டை, பனீர் அல்லது மீன் முதலில், சோறு கடைசியில். உண்டபின் அரை மணி நேரம் தண்ணீரோ ரசமோ கிடையாது (ரசத்தை விட்டதுதான் கடினம்). மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, வாரம் மூன்று நாள்கள் நாற்காலியிலிருந்து எழுந்து அமரும் பயிற்சியையும் சேர்த்தேன். ஏழாம் வாரம் கையை ஊன்றாமல் எழுந்தேன், நிம்மதியாக இருந்தது.