ஜெபக்குழுவுக்கு ஒரு கொப்பி: ஒருவருக்காக ஒருவர் ஜெபிப்பதை விடாமல் நடத்துவது எப்படி

ஜெபக்குழு தொடங்குவதில் கஷ்டம் ஒன்றுமில்லை. திருகோணமலையின் உவர்மலையிலோ பாலையூற்றிலோ பத்துக் குடும்பம் சம்மதித்தால் அடுத்த கிழமையே கூடிவிடலாம். சிக்கல் மூன்றாவது மாதத்தில்தான் வரும். அதற்குள் நாற்பது ஐம்பது விண்ணப்பங்கள் சேர்ந்திருக்கும். எது முடிந்தது, எது இன்னும் நிற்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. ஒப்பரேஷன் முடிந்து வீடு திரும்பிய அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். அவருடைய ஒப்பரேஷன் நல்லபடி நடக்க வேண்டும் என்று பின்வரிசையில் ஒருவர் ஜெபித்துக்கொண்டிருப்பார்.

யாக்கோபு 5:16 ஒருவருக்காக ஒருவர் ஜெபிக்கச் சொல்கிறது. கணக்கு வைக்காத குழுவில் இது, வாய் திறந்து கேட்கிறவருக்காக மட்டும் எல்லோரும் ஜெபிப்பதாக மாறிவிடும். கேட்கக் கூச்சப்படுகிறவர் ஆறு மாதம் வந்துபோவார். அவருடைய பெயர் ஒருநாளும் வராது. கீழே உள்ள ஒழுங்கு பெரும்பாலும் அவருக்காகத்தான். மெதடிஸ்த, அங்கிலிக்கன், பெந்தெகொஸ்தே சபைகளின் வீட்டுக்கூட்டம் என்றாலும் கத்தோலிக்கரின் அன்பியம் (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் சிறு குழு) என்றாலும் இதே முறை ஓடும். அன்பியத்தில் செபமாலை முடிந்தபின் இதற்கு நேரம் ஒதுக்கினால் போதும்.

எத்தனை பேர்

எட்டுப் பேர் முதல் பதினான்கு பேர் வரை. அதற்குக் கீழே போனால் இரண்டு குடும்பம் ஊருக்குப் போன கிழமை கூட்டமே நடக்காது. அதற்கு மேலே போனால் எல்லோரும் பேசி முடிக்க இரவாகிவிடும், பிரித்து இரண்டாக்குங்கள். மெதடிஸ்த சபையின் பழைய வகுப்புக் கூட்டமும் ஏறக்குறைய பன்னிரண்டு பேர்தான். 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் அது தொடங்கியது ஜெபத்துக்காக அல்ல, ஆலயக் கடனை அடைக்க ஆளுக்கு ஒரு பென்னி சேர்ப்பதற்காக. காசு வாங்க வீடு வீடாகப் போன தலைவர்களுக்குத்தான் ஒவ்வொரு வீட்டின் நிலைமையும் தெரியவந்தது. இங்கும் அதுதான் நடக்கும். கூட்டத்தில் “எல்லாம் சுகம்” என்கிறவர், வாசலில் செருப்பைக் கழற்றி உள்ளே போய் உட்கார்ந்தால் வேறு கதை சொல்வார். ஒருங்கிணைப்பவர் மாதத்துக்கு ஒருதடவையாவது ஒவ்வொரு வீட்டுக்கும் போக வேண்டும்.

குழுவுக்குள்ளே மூன்று மூன்று பேராகப் பிரியுங்கள். இரண்டு பேர் வேண்டாம்: ஒருவர் கொழும்புக்குப் போனாலோ கோபித்துக்கொண்டாலோ மற்றவர் தனித்துவிடுவார். ஆண்கள் தனியாக, பெண்கள் தனியாக. ஒரே வீட்டார் ஒரே மூவரில் வரக்கூடாது. மாமியாருக்கு முன்னால் மருமகள் எந்த விண்ணப்பத்தைச் சொல்வாள்? மூவரும் கிழமைக்கு ஒருதடவை நேரிலோ போனிலோ பதினைந்து நிமிடம் பேசி ஜெபிக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆட்களை மாற்றுங்கள். மாற்றாவிட்டால் குழுவுக்குள் குழு முளைக்கும்.

கொப்பி

120 பக்க சி.ஆர். கொப்பி ஒன்று போதும். விரித்தால் வரும் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகப் பாவியுங்கள். இடப்பக்கத்தில் ஐந்து கோடு: திகதி, பெயர், விஷயம் ஒரே வரியில், யாருக்குச் சொல்லலாம் என்ற குறி, திரும்பக் கேட்க வேண்டிய திகதி. வலப்பக்கம் வெறுமையாக இருக்கட்டும். என்ன நடந்தது என்பது அங்கே வரும்.

ஐந்தாவது கோடுதான் இந்தக் கொப்பியின் உயிர். பெரும்பாலான குழுக்கள் விண்ணப்பத்தை எழுதுகின்றன, திரும்பக் கேட்கும் திகதியை எழுதுவதில்லை. கிளினிக் 14ஆம் திகதி என்றால் 15 என்று எழுதுங்கள். புலமைப்பரிசில், ஓ.எல்., ஏ.எல். எடுக்கும் பிள்ளை என்றால் பரீட்சை முடியும் நாள் ஒன்று, பெறுபேறு வரும் காலம் ஒன்று. ஏஜென்சி மூலம் கட்டார் போகக் காத்திருப்பவர் என்றால் விசா வரும் என்று சொன்ன நாள். நாள் தெரியாத விஷயத்துக்கு 30 நாள். அந்தத் திகதியில் ஒருங்கிணைப்பவர் போன் எடுத்து “என்ன மாதிரி?” என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் இந்த ஒரு கேள்வி வராததால்தான் ஆட்கள் விண்ணப்பம் சொல்வதையே நிறுத்துகிறார்கள்.

விஷயத்தை எழுதும்போது ஜெபிக்கிறவருக்கு வேண்டியதை மட்டும் எழுதுங்கள். “வீட்டில் சமாதானம்” போதும். யார் யாரை என்ன சொன்னார் என்பது வேண்டாம். நோய் என்றால் மாறாக: “உடம்பு சரியில்லை” என்பதைவிட “செவ்வாய்க்கிழமை ஸ்கேன், பயமாக இருக்கிறது” என்பது ஜெபிக்கத் தெளிவாக இருக்கும். மூன்றாம் ஆளுக்காக, அதாவது “என் தங்கச்சியின் புருஷன் குடிக்கிறார்” என்று வந்தால், பெயரை எழுதாதீர்கள். அவர் சம்மதம் தரவில்லை.

கொப்பியிலிருந்து நாள் அட்டவணை ஒன்று போடுங்கள். பன்னிரண்டு பேர் என்றால் திங்கள் முதல் சனி வரை ஒரு நாளைக்கு இரண்டு பெயர். ஞாயிறு ஸ்தோத்திரத்துக்கு மட்டும். விண்ணப்பம் ஒன்றும் சொல்லாதவரின் பெயரும் அதில் இருக்க வேண்டும். அரைத்தாளில் எழுதி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பிரதி கொடுத்தால், தேநீர் போடும் இடத்தில் ஒட்டிவைப்பார்கள். கூச்சப்படுகிறவருக்கு இந்தத் தாள்தான் முதல் ஆறுதல்: புதன்கிழமை தன் நாள் என்று அவருக்குத் தெரியும்.

யாருக்குச் சொல்லலாம்

திருகோணமலை சின்ன ஊர். இரவு கூட்டத்தில் சொன்னது காலையில் மீன் சந்தைக்குப் போய்விடும். “ஜெபத்துக்காகத்தான் சொல்றன்” என்று தொடங்கும் புறங்கூறல் சபைகளில் இருக்கிறது என்பதை ஒளித்துப் பயனில்லை. குழு உடைவதற்கு உபதேச வேறுபாட்டைவிட இதுதான் அடிக்கடி காரணம்.

எனவே எழுதுமுன் ஒவ்வொருவரிடமும் கேட்டு நாலாவது கோட்டில் ஒரு எழுத்துப் போடுங்கள். ‘எ’ என்றால் எல்லோருக்கும். ‘மூ’ என்றால் அவருடைய மூவருக்கு மட்டும். ‘ஒ’ என்றால் ஒருங்கிணைப்பவருக்கு மட்டும். அதை எழுதும்போது விஷயத்தின் இடத்தில் ஒரு புள்ளி வைத்தால் போதும். கேட்காமல் ‘எ’ போடக்கூடாது. ஒருவர் அழுதபடி சொன்ன விஷயத்தை அடுத்த நாள் மறுபடி கேட்டு உறுதிப்படுத்துங்கள். அழுகை அடங்கியபின் பலர் ‘எ’யை ‘மூ’ ஆக்குவார்கள்.

ஜெபத்தின் வழியாகவே விஷயம் கசியும் என்பதும் கவனம். ஆண்டவருக்குத் தெரியாததுபோல எல்லா விபரத்தையும் ஜெபத்தில் அடுக்குகிறவர் ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் இருப்பார். தனியாகக் கூப்பிட்டு மெதுவாகச் சொல்லுங்கள்; கூட்டத்தில் வைத்துத் திருத்தினால் அடுத்த கிழமை வரமாட்டார்.

கூடுகிற நாள்

எழுபத்தைந்து நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். வழக்கமாக நடக்கும் பிழை இது: முதலில் எல்லோரும் விண்ணப்பம் சொல்வார்கள், அதற்கே ஐம்பது நிமிடம் போகும், கடைசியில் ஒருவர் எல்லாவற்றையும் சேர்த்து ஐந்து நிமிடத்தில் ஜெபித்து முடிப்பார். பாதிப் பெயர் விடுபடும். விடுபட்டவருக்கு அது நினைவிருக்கும்.

இப்படி மாற்றுங்கள். ஒருவர் இரண்டு நிமிடம் சொல்லட்டும், உடனே அவருக்குப் பக்கத்தில் இருப்பவர் இரண்டு நிமிடம் அவருக்காக ஜெபிக்கட்டும், பிறகு அடுத்தவர். பன்னிரண்டு பேருக்கு நாற்பத்தெட்டு நிமிடம். மீதியில் ஒரு பாட்டு, ஒரு வேதபகுதி, கடந்த கிழமையின் பதில்கள். பதில்களைத் தொடக்கத்திலேயே வாசியுங்கள், வலப்பக்கத்தில் எழுதியபடியே. கிடைக்காத பதிலையும் வாசிக்க வேண்டும்: “வேலை கிடைக்கவில்லை, மறுபடி விண்ணப்பித்திருக்கிறார்.” நல்ல சாட்சியை மட்டும் வாசிக்கும் குழுவில், கிடைக்காதவர் தன் விசுவாசம் போதவில்லை என்று நினைத்துக்கொள்வார். சத்தமாக ஜெபிக்கத் தெரியாதவர், பெயரைச் சொல்லி “ஆண்டவரே, இவருக்கு உதவி செய்யும்” என்றால் போதும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

வீடு மாற்றி மாற்றிக் கூடுவது நல்லது. ஆனால் சாப்பாட்டுக்கு எல்லை வையுங்கள்: பிளேன்டீயும் பிஸ்கட்டும், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஒரு வீட்டில் கட்லட்டும் ரோல்ஸும் வைத்தால் அடுத்த வீட்டுக்காரர் ஏதாவது காரணம் சொல்லித் தவிர்ப்பார். கடற்கரைப் பக்கத்துக் குழுக்கள் கடலுக்குப் போகிறவர்களின் நேரத்தைக் கேட்டு நாளை வைக்க வேண்டும். பக்கத்து வீடு இந்து வீடாகவோ முஸ்லிம் வீடாகவோ இருக்கும். மைக் வேண்டாம், எட்டரைக்குப் பின் கைதட்டிப் பாடுவதும் வேண்டாம்.

போனில்

வட்ஸ்அப் குழு ஒன்று வைத்தால் அட்மின் மட்டும் செய்தி போடும்படி அமையுங்கள். இல்லாவிட்டால் ஒரு விண்ணப்பத்துக்கு முப்பது ‘ஆமென்’ வந்து அடுத்த விண்ணப்பத்தை மூடிவிடும். பிறகு குட்மோர்னிங் படங்கள் வரும். ‘எ’ போட்ட விஷயம் மட்டுமே அங்கே போகலாம். செய்திகள் 90 நாளில் தானாக மறையும்படியும் வைக்கலாம்; ஆனால் ஸ்க்ரீன்ஷொட் எடுப்பதை எந்த அமைப்பும் தடுக்காது. பல வீடுகளில் போன் ஒருவருடையது அல்ல, பிள்ளைகளும் எடுப்பார்கள். வொய்ஸ் மெசேஜ் பஸ்ஸுக்குள் உரக்க ஒலிக்கும். எழுதியே அனுப்புங்கள்.

சாதாரண போன் வைத்திருக்கும் மூத்தவர்களுக்கு அழைப்புச் சங்கிலி. ஒருவர் மூன்று பேருக்கு எடுக்க, அந்த மூவரும் ஆளுக்கு மூன்று பேருக்கு எடுத்தால் இரண்டே சுற்றில் பதின்மூன்று பேருக்குத் தெரிந்துவிடும். செய்தி இரண்டு வசனத்துக்கு மேல் போகக்கூடாது. கேட்பவர் எழுதி, திரும்ப வாசித்துக் காட்ட வேண்டும். கடைசியில் கேட்டவர் முதலாமவருக்கு எடுத்துத் தனக்கு வந்ததைச் சொல்வார். “விழுந்து கால் முறிவு” என்று புறப்பட்டது “கால் எடுக்கப் போகிறார்கள்” என்று முடிந்திருந்தால் அங்கே பிடிபடும்.

எது அவசரம் என்று முன்கூட்டியே தீர்மானியுங்கள்: விபத்து, வார்டில் சேர்த்தது, மரணம், கடலுக்குப் போனவர் திரும்பாதது. மற்றவை கூட்ட நாளுக்குக் காத்திருக்கட்டும். எல்லாம் அவசரமானால் ஒன்றுக்கும் ஒருவரும் எழும்ப மாட்டார்கள்.

சங்கிலி ஜெபம்

1727 ஓகஸ்ட்டில் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் மொரேவியர் என்ற கிறிஸ்தவ சமூகத்தார் தொடங்கிய காவல் ஜெபம் நூறு வருடத்துக்கு மேல் நின்றது. தொடங்கும்போது அவர்கள் இருபத்துநான்கு ஆண்கள், இருபத்துநான்கு பெண்கள். ஆளுக்கு ஒரு மணித்தியாலம். பன்னிரண்டு பேர் அதைப் பார்த்து இருபத்துநான்கு மணித்தியாலம் போடக்கூடாது. அரை மணியாகப் பிரித்தால் நாற்பத்தெட்டு இடம், ஆளுக்கு நாலு. இரவு இரண்டு மணிக்கு ஒருவர் தூங்கிவிடுவார்; பிறகு குற்ற உணர்வில் அந்தப் பக்கமே வரமாட்டார்.

காலை ஆறு முதல் மாலை ஆறு வரை போடுங்கள்: இருபத்துநான்கு அரை மணி, ஆளுக்கு இரண்டு. முடிக்கிறவர் அடுத்தவருக்கு மிஸ்ட் கோல் கொடுப்பார். அடுத்தவர் திருப்பி மிஸ்ட் கோல் கொடுத்தால் ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். பத்து நிமிடம் பதில் இல்லாவிட்டால் ஒருங்கிணைப்பவருக்குச் சொல்லிவிட்டு எழும்பலாம், இரண்டு பேர் பாரத்தையும் ஒருவர் சுமக்கத் தேவையில்லை. அரை மணிக்கு என்ன செய்வது என்று தெரியாமல்தான் பலர் தடுமாறுவார்கள். ஒரு சங்கீதம் ஐந்து நிமிடம், பெயர்கள் பதினைந்து, மௌனம் ஐந்து, ஸ்தோத்திரம் ஐந்து என்று தாளில் எழுதிக் கொடுங்கள்.

முழு இரவும் கட்டாயம் வேண்டுமென்றால் வெளிநாட்டுச் சொந்தங்களைச் சேருங்கள். இங்கே இரவு ஒரு மணி என்றால் கட்டாரிலும் சவூதியிலும் முதல்நாள் இரவு பத்தரை. லண்டனில் குளிர்காலத்தில் மாலை ஏழரை, கோடையில் எட்டரை. ரொறன்ரோவில் பிற்பகல் இரண்டரை அல்லது மூன்றரை. நமக்குத் தூக்கம் வரும் நேரம் அவர்களுக்கு விழித்திருக்கும் நேரம். அட்டவணையில் இரண்டு ஊர் நேரத்தையும் எழுதுங்கள்.

ஜெபத்தோடு நிறுத்தக்கூடாதவை

சில விண்ணப்பங்களை எழுதிவிட்டுக் காத்திருப்பது தவறு. நெஞ்சுவலி என்று போன் வந்தால் அழைப்புச் சங்கிலியைத் தொடங்குமுன் 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு எடுக்க வேண்டும். சாக வேண்டும்போல இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அவரைத் தனியே விடாதீர்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. வீட்டில் அடி வாங்கும் பெண்ணுக்கு 1938, பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1929. இந்த நாலு இலக்கங்களையும் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். அடிக்கிறவரும் அதே குழுவில் இருக்கக்கூடும் என்பதால் சாவு எண்ணம், வீட்டு அடி, பிள்ளைக்கு ஆபத்து பற்றிய விண்ணப்பங்கள் எப்போதும் ‘ஒ’.

மருந்தை நிறுத்தச் சொல்ல குழுவில் எவருக்கும் அதிகாரம் இல்லை. இத்தனையாம் திகதிக்குள் சுகம் என்று தரிசனம் சொல்லவும் இல்லை. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் குளிசை போடுகிறவர், ஜெபித்த பின்னும் கிளினிக் கொப்பியோடு போக வேண்டும்.

திகதி போட முடியாதவை

இந்த மாவட்டத்தில் ஐந்தாவது கோட்டை நிரப்ப முடியாத விண்ணப்பங்கள் உண்டு. காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்காக ஒரு தாய் கேட்பதற்கு எந்தத் திகதியைப் போடுவது? அவற்றைக் கொப்பியின் பின்பக்கத்திலிருந்து தனியாகத் தொடங்குங்கள். “இன்னும் அதே விண்ணப்பமா” என்று ஒருவரும் கேட்கக்கூடாது. “ஆத்துமா இளைப்பாறட்டும்” என்று அவர் சொல்லாததை நீங்கள் ஜெபத்தில் சொல்லவும் கூடாது. எந்தச் சொல்லால் அவர் கேட்டாரோ அதே சொல்லால் ஜெபியுங்கள். மே 18 (போர் முடிந்த நாள்), ஓகஸ்ட் 30 (காணாமல் ஆக்கப்பட்டோர் தினம்), டிசம்பர் 26 (சுனாமி வந்த நாள்) ஆகிய நாட்களில் அந்தந்த வீட்டுக்கு ஒருவர் போய் இருந்துவிட்டு வரட்டும். பேச ஒன்றுமில்லாவிட்டாலும் பரவாயில்லை.

கொப்பி முடிந்தால்

120 பக்கம் ஒரு வருடம் அளவில் நிரம்பும். புதுக் கொப்பிக்கு மாற்றுமுன், திறந்திருக்கும் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் உரியவரிடம் “இதை வைத்திருக்கவா?” என்று கேளுங்கள். சிலர் வேண்டாம் என்பார்கள், காரணம் கேட்காதீர்கள். சிலர் விஷயத்தை மாற்றிச் சொல்வார்கள், எழுத்தையும் மாற்றுவார்கள். பின்பக்கத்துப் பெயர்களை முதலில் கையால் எழுதி முடியுங்கள். பிறகு பழைய கொப்பியை, ஒருங்கிணைப்பவரும் இன்னொருவரும் நிற்க, முற்றத்தில் எரித்துவிடுங்கள். பழைய பேப்பர்காரரிடம் போடவேண்டாம், கடையில் அதில்தான் கடலை சுற்றித் தருவார்கள்.