கம்பெனி வயரை வெட்டாமல் பைக்கில் பாக் லைட் மாட்டுவது

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். பாதிக்கு மேல் ஏறிவிட்டேன். மாலை ஐந்தரை மணி இருக்கும், மூடுபனி இறங்கியிருந்தது. ஒரு வளைவில் ஹேண்டில்பாரை இடது பக்கம் முழுசாக ஒடித்ததுதான் தெரியும், வண்டி அப்படியே நின்றுவிட்டது. ஹெட்லைட் இல்லை, ஹாரன் இல்லை, இன்ஜினும் இல்லை. பின்னால் ஒரு பஸ் ஏறி வருகிற சத்தம் கேட்கிறது. அவசரமாக ஓரம் தள்ளி, சீட்டைக் கழற்றிப் பார்த்தால் மெயின் பியூஸ் போயிருந்தது.

ஸ்பேர் பியூஸ் ஒன்றுதான் இருந்தது, அதனால் உடனே போடவில்லை. பியூஸ் சும்மா போகாது. செல்போன் வெளிச்சத்தில் ஸ்டீயரிங் கழுத்துப் பக்கம் தேடினேன். ஒரு மாதத்துக்கு முன் ஒரு கடையில் மாட்டிய பாக் லைட்டின் (மூடுபனிக்கான கூடுதல் விளக்கு) சிவப்பு வயர், சேஸி விளிம்பில் உரசி உரசித் தோல் உரிந்து, ஒரு அரிசி நீளத்துக்குச் செம்பு வெளியே தெரிந்தது. ஹேண்டில்பார் திரும்ப இடம் விடாமல் வயரை இழுத்துக் கட்டியிருந்தார்கள். அதற்கென்று தனி பியூஸும் இல்லை. அந்த வயரை வெட்டி, நுனியை மடக்கி டேப் சுற்றிவிட்டு ஸ்பேரைப் போட்டேன். வண்டி உயிர் பெற்றது.

நான் கோவையில் மோட்டார் கன்ட்ரோல் பேனல்களுக்கு வயரிங் செய்கிறவன். பேனல் கதவைத் திறந்தால் எந்த வயர் எங்கே போகிறது என்று அடுத்து வருகிறவனுக்கும் புரிய வேண்டும் என்பது எங்கள் வேலையின் அடிப்படை. ஊருக்கு வந்ததும் பழையதை எல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு நானே மாட்டினேன். அப்படி மாட்டிய முறைதான் இது.

முதலில் கணக்கு. இரண்டு எல்இடி விளக்குகள், ஒன்று 20 வாட் என்றால் மொத்தம் 40 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் 3.3 ஆம்பியர் வரும். அதற்கு 5 ஆம்பியர் பியூஸ் சரி. பெட்டியில் அச்சடித்திருக்கும் வாட்டை நம்ப வேண்டாம். மல்டிமீட்டரை 10 ஆம்பியர் ரேஞ்சில் வைத்து, பாசிட்டிவ் வயருக்கு நடுவில் தொடராக இணைத்து ஒருமுறை அளந்துவிடுங்கள். வண்டி அந்தச் சுமையைத் தாங்குமா என்பதையும் மீட்டரே சொல்லிவிடும். எல்லா விளக்கையும் போட்டு, ஓட்டுகிற வேகத்துக்கு ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, மீட்டரையும் அதன் சிவப்பு வயரையும் வோல்ட்டுக்கு மாற்றிவிட்டு, பேட்டரி முனையில் பாருங்கள். 13 வோல்ட்டுக்கு மேல் நின்றால் நல்லது. 12.5-க்குக் கீழே இறங்கினால் இன்ஜினில் கரண்ட் தயாரிக்கும் ஸ்டேட்டர் கொடுப்பது போதவில்லை, பேட்டரியிலிருந்து கரைகிறது என்று அர்த்தம். சின்ன விளக்காக மாற்றிக்கொள்ளுங்கள்.

வேலை தொடங்கும்போது பேட்டரியில் நெகட்டிவ்வை முதலில் கழற்ற வேண்டும், முடிக்கும்போது அதைக் கடைசியாகப் போட வேண்டும். நெகட்டிவ் இருக்கும்போது பாசிட்டிவ்வில் ஸ்பேனர் வைத்து, அது சேஸியில் பட்டால் நேரடி ஷார்ட்தான்.

பியூஸ் எங்கே இருக்க வேண்டும் என்பதில் பலர் தவறுகிறார்கள். பியூஸ் காப்பாற்றுவது விளக்கை அல்ல, வயரை. பேட்டரிக்கும் பியூஸுக்கும் நடுவில் உள்ள வயருக்கு எந்தக் காவலும் கிடையாது. அதனால் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் பியூஸ் ஹோல்டரை வைத்துவிடுங்கள். மூடி உள்ள, தண்ணீர் புகாத ஹோல்டர் வாங்குங்கள்.

அடுத்தது ரிலே, அதாவது சின்ன கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கிற ஸ்விட்ச். விளக்கின் கரண்டை ஹேண்டில்பார் ஸ்விட்ச் வழியாக ஓடவிட்டால் ஸ்விட்சின் உள்முனைகள் கருகும். ரிலே போட்டால் ஸ்விட்சில் கால் ஆம்பியருக்கும் குறைவாகத்தான் ஓடும். ரிலேவின் அடியில் எண்கள் இருக்கும். பியூஸிலிருந்து வருவது 30, விளக்குக்குப் போவது 87, ஸ்விட்ச் வயர் 86, எர்த் (நெகட்டிவ்) 85. ஐந்து கால் ரிலே என்றால் நடுக்கால் 87ஏ. அதில் விளக்கைக் கொடுத்துவிட்டால் ஸ்விட்சை அணைக்கும்போது எரியும், அதைச் சும்மா விட்டுவிடுங்கள்.

ஸ்விட்சுக்குச் சாவி போட்டால் மட்டும் வருகிற லைன் வேண்டும். இல்லையென்றால் மறந்து விட்டுப்போன விளக்கு காலையில் பேட்டரியைத் தீர்த்திருக்கும். நான் பார்க்கிங் லைட் லைனிலிருந்து எடுக்கிறேன். அங்கே இருக்கும் கனெக்டரைப் பிரித்து, நடுவில் ஒரு கிளைத் துண்டு செய்து செருகுகிறேன். வேண்டாம் என்றால் உருவிவிட்டுப் பழையபடி இணைத்துவிடலாம். வண்டியின் சொந்த வயரைச் சீவி முறுக்குவதும், தோலைக் கடித்து இணைகிற கிளிப்பை மாட்டுவதும் வேண்டாம். ஒரு மழைக்காலத்தில் அங்கே பச்சை பூத்துவிடும். பழைய வண்டி சிலவற்றில் ஹெட்லைட் ஏசி கரண்டில் ஓடும், அந்த லைனைத் தொடாதீர்கள். ஏபிஎஸ் பிரேக், எப்ஐ (எலக்ட்ரானிக் முறையில் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜின்) உள்ள வண்டியில் சென்சார் வயர் பக்கமே போகக் கூடாது.

வயர் 1 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) போதும். வீட்டு வயரிங்குக்கு வாங்கி மிஞ்சியது வேண்டாம், மெல்லிய இழைகள் நிறைய உள்ள ஆட்டோ வயர் கேட்டு வாங்குங்கள். அதிர்வுக்கு அதுதான் தாங்கும். இணைப்புக்கு வயர் நுனியில் லக் (உலோக முனை) வைத்து கிரிம்பிங் பிளையரால் அழுத்துங்கள். கொறடால் நசுக்கினால் பிடிக்காது. அழுத்தியதும் இழுத்துப் பாருங்கள், வந்துவிட்டால் திரும்பச் செய்யுங்கள். பேனலில் நாங்கள் ஒவ்வொரு லக்கையும் இப்படித்தான் இழுத்துப் பார்ப்போம். அதன் மேல் சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கிற ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். டேப் சித்திரை வெயிலில் பசை இளகிப் பிரிந்துவிடும். எர்த்தைப் பெயிண்ட் மேல் போல்ட்டில் கொடுக்காமல், தனி கறுப்பு வயராகப் பேட்டரி நெகட்டிவ்வுக்கே கொண்டுபோங்கள்.

இனிமேல்தான் என்னை வால்பாறை வழியில் நிறுத்திய இடம். வயரைக் கம்பெனி ஹார்னஸ் (வயர்க் கட்டு) போகிற வழியிலேயே கொண்டுபோங்கள், அவர்கள் யோசித்துப் போட்ட வழி அது. வயர்கள் முழுக்கக் கறுப்புச் சுருக்கு பைப்புக்குள் போகட்டும். சைலன்சரும் இன்ஜின் ஹெட்டும் அருகில் இருந்தால் விலக்கிவிடுங்கள். டேங்குக்கு அடியில் ரப்பர் புஷ் உட்காரும் இடத்தில் வயர் சிக்குகிறதா என்று டேங்கை வைக்கும்போது கைவிட்டுத் தடவிப் பாருங்கள். ஸ்டீயரிங் கழுத்தில் மட்டும் கட்டுப் போடக் கூடாது. கழுத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, நடுவில் வயர் தளர்ந்த வளைவாகத் தொங்கட்டும். கட்டும் முன் ஹேண்டில்பாரை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் பத்து முறை திருப்புங்கள். எந்தக் கோடியிலும் வயர் விறைக்கக் கூடாது, இடுக்கில் போய் மாட்டவும் கூடாது. கேபிள் டையின் மிச்ச வாலை நகவெட்டியால் ஒட்ட வெட்டுங்கள். கொறடால் வெட்டிய வால் பிளேடு மாதிரி கையைக் கிழிக்கும்.

சீட்டை மூடும் முன் விளக்குகளைப் போட்டுக் கால் மணி நேரம் இன்ஜினை ஓடவிடுங்கள். வீட்டுக்குள் வேண்டாம், வெளியே வைத்து. பியூஸ் ஹோல்டர், ரிலே, லக் ஒவ்வொன்றையும் தொட்டுப் பாருங்கள். ரிலே லேசாக வெதுவெதுப்பது இயல்பு. லக்கோ ஹோல்டரோ சூடாக இருந்தால் அங்கே உள்ள கிரிம்ப் சரியில்லை, வெட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். அப்புறம் இரவில் ஒரு சுவர் முன் நிறுத்தி, ஒளி ஹெட்லைட்டை விடக் கீழே விழுகிற மாதிரி விளக்கைத் தாழ்த்துங்கள். எதிரே வருகிறவரும் வீடு போய்ச் சேர வேண்டும்.

எந்த நிற வயர் எங்கிருந்து எங்கே போகிறது என்று ஒரு தாளில் வரைந்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, இரண்டு ஸ்பேர் பியூஸோடு சீட்டுக்கு அடியில் ஒட்டி வைத்திருக்கிறேன்.